பழவேற்காட்டில் பழஞ்சீனராக வாழ்வது எப்படி?

என் நண்பர் ஒருவர் போன வருஷம் திடீரென்று பழங்காலச் சீனராக மாறிவிட்டார். முதலில் காலையில் வெந்நீர் என்று ஆரம்பித்தது. பிறகு மூங்கில் பாய் வந்தது. அதற்குப் பிறகு சாம்பாரில் பெருங்காயம் போட்டால்கூட "ஹான் வம்சத்தில் இப்படிச் செய்யமாட்டார்கள்" என்று ஒரு வாக்கியம். வங்கியில் முப்பது வருஷம் வவுச்சர் சரிபார்த்தவருக்கு ஓய்வுக்குப் பின் ஏதாவது ஒரு வம்சம் தேவைப்படுகிறது, எனக்குப் புரிந்தது. அவர் மனைவிக்குத்தான் புரியவில்லை. "இவரை எங்கேயாவது கூட்டிட்டுப் போங்கண்ணா, ரெண்டு நாள் வீடு வீடா இருக்கட்டும்" என்றார். சீனாவுக்குக் கூட்டிப்போக எனக்கு வசதியில்லை. பழவேற்காட்டுக்குக் கூட்டிப்போனேன்.

அந்தப் பயணத்தில் விளைந்ததுதான் இந்தக் கையேடு. உங்கள் வீட்டிலும் யாராவது சீனராகிக்கொண்டிருந்தால் பயன்படும்.

முதலில் பயணம். ராஜராஜ சோழன் சீனத்துக்கு அனுப்பிய தூதுக்குழு வழியிலேயே மூன்று வருஷத்துக்கு மேல் செலவழித்து 1015-ல் சோங் அரசவைக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குள் அனுப்பிய ராஜராஜனே போய்ச் சேர்ந்துவிட்டிருந்தான். உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்ரயிலில் ஏறிப் பொன்னேரியில் இறங்கி ஒரு பஸ் பிடித்தால், அனுப்பியவர் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும் முன்பே ஏரிக்கரையில் நிற்பீர்கள். எதிரே தெரியும் தண்ணீர் இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவுக்குப் போய்விட்டது. தெற்கு ஓரமும், கடலோடு சேரும் முகத்துவாரமும், அதைச் சுற்றிய குப்பங்களும் நமக்கு.

வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். பழஞ்சீனர் ஒரு நாளைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தார்கள். ஒரு பங்கு நம் கணக்கில் ஐந்து நாழிகை. இரவுக்குத் தனியாக ஐந்து சாமம். நண்பர் இதையெல்லாம் ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதி வந்திருந்தார். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் போய், "எத்தனை மணிக்கு வலை போடுவீங்க?" என்று கேட்டார்.

"வத்தம் எப்பவோ அப்ப" என்றார் அவர்.

"அது எப்போ?"

"அமாவாச எப்ப?"

நண்பருக்குத் தெரியவில்லை. ஹான் வம்சம் தெரிந்தவருக்கு வருகிற அமாவாசை தெரியவில்லை. மாதம் பிறப்பதே அமாவாசையில் என்று வைத்திருந்தவர்கள் பழஞ்சீனர். இங்கே இறால் ஓட்டமும் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டித்தான். நிலவு வளர்வதையும் தேய்வதையும் பார்த்துக் கடலின் ஏத்தம், வத்தம் கணக்குப் போடுகிறவர்களுக்கு நடுவில் கட்டம் போட்ட நோட்டைத் திறக்காமல் இருப்பது நல்லது.

அடுத்தது தேநீர். எட்டாம் நூற்றாண்டில் லூ யூ என்பவர் தேநீருக்கென்றே ஒரு நூல் எழுதினார். தண்ணீர் கொதிக்கத் தொடங்கும்போது மீன் கண் அளவு குமிழி வரவேண்டும், அதுதான் முதல் கொதி, அப்போது ஒரு சிட்டிகை உப்புப் போடு என்கிறார். மலைத் தண்ணீர் உத்தமம், ஆற்றுத் தண்ணீர் மத்திமம், கிணற்றுத் தண்ணீர் கடைசி என்று தரமும் பிரிக்கிறார். ஏரித் தண்ணீரில் பாதி கடல் என்றால் அதற்கு என்ன தரம் கொடுத்திருப்பாரோ! பழவேற்காட்டில் உப்பைத் தனியாகப் போட வேண்டிய அவசியம் குறைவு என்பதோடு இதை விட்டுவிடலாம். டீக்கடையில் உட்கார்ந்து மீன் கண் குமிழி வந்ததா என்று எட்டிப் பார்க்காதீர்கள். நண்பர் பார்த்தார். "இன்னா சார், பால்ல ஈ கீதா?" என்று கடைக்காரர் கோபித்துக்கொண்டார்.

உடைக்குப் பட்டு தேட வேண்டாம், கைலி போதும். மலாய்க்காரர்கள் இன்றும் கைலியைக் 'காயின் பெலிகாட்' என்கிறார்கள். பெலிகாட் என்பது இந்த ஊர்தான். டச்சுக்காரர்கள் 1610-ல் இங்கே கால் ஊன்றி, 1613-ல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரையின் துணிகளைக் கப்பல் கப்பலாகக் கீழைத் தீவுகளுக்கு அனுப்பினார்கள். ஜாவாவிலும் மலாக்காவிலும் இருந்த சீன வியாபாரிகளின் கண்ணெதிரே இறங்கிய சரக்கு இது. ஆகவே கைலி கட்டிக்கொண்டு நீங்கள் நிற்பதில் சரித்திரப் பிழை எதுவும் இல்லை. ஒருவர் அங்கியை எந்தப் பக்கம் மடித்து மூடுகிறார் என்பதை வைத்து அவர் நாகரிகமானவரா, காட்டுமிராண்டியா என்று பழஞ்சீனர் தீர்மானித்தார்கள். கைலியை எந்தப் பக்கம் சொருகுகிறான் என்று பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கிற நம்மவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி மீன்பிடி. இங்கேதான் பழஞ்சீனராக விரும்புகிறவர் நிறையத் தப்பு செய்வார்.

முதல் தப்பு பறவை. நீர்க்காகத்தின் கழுத்தில் வளையம் கட்டி, அது பிடித்த மீனை விழுங்கவிடாமல் கக்கவைத்து எடுத்துக்கொள்வது சீன ஆற்றங்கரைகளில் புகழ்பெற்ற தொழில். பழவேற்காட்டில் நீர்க்காகத்துக்குப் பஞ்சமில்லை. நட்டுவைத்த கழிமேல் இறக்கையை விரித்து, ஈரச் சட்டையைக் கொடியில் போட்டதுபோல் காய்ந்துகொண்டிருக்கும். கூழைக்கடாவும் உண்டு, குளிர்காலத்தில் பூநாரையும் வரும். நண்பர் ஒரு நீர்க்காகத்தைப் பார்த்த பார்வை எனக்குச் சரியாகப் படவில்லை. இது பறவைகள் சரணாலயம், 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, நீங்கள் அதன் கழுத்தில் வளையம் மாட்டினால் வனத்துறை உங்கள் கையில் மாட்டும் என்று எடுத்துச் சொன்னேன்.

இரண்டாவது தப்பு கன்பூசியஸ். அவர் தூண்டில் போடுவாராம், வலை போடமாட்டாராம். கூட்டில் அடைந்த பறவைமேல் அம்பு விடமாட்டாராம். பெரிய மனிதரின் குணம், சந்தேகமில்லை. ஆனால் ஏலக்கடையில் வாங்கின முன்பணத்துக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கும்போது தூண்டிலில் ஒரு மடவையைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரைக் குப்பத்தில் பெரிய மனிதர் என்று சொல்லமாட்டார்கள். வேறொன்று சொல்வார்கள், அச்சில் ஏற்ற முடியாது.

வலையே இல்லாமல் பிடிப்பவர்களைப் பார்க்க ஆசையா? ஆழம் குறைந்த பக்கம் போய்ப் பாருங்கள். இருளர் பெண்கள் தண்ணீருக்குள் உட்கார்ந்த நிலையிலேயே மெல்ல நகர்ந்து வருவார்கள். கழுத்துவரை தண்ணீர். பனையோலையில் முடைந்த பறியின் விளிம்பைப் பல்லில் கவ்வியிருப்பார்கள். இரண்டு கையும் அடிச் சேற்றைத் தடவிக்கொண்டே போகும். விரல் நுனியில் இறால் துள்ளியதும் கை மேலே வரும், பறிக்குள் போடும், மறுபடி தண்ணீருக்குள் போகும். கண்ணுக்கு அதில் வேலையே இல்லை. சிப்பி கிழித்த விரல், உப்பில் ஊறி வெளுத்த உள்ளங்கை. வாயில் பறி இருப்பதால் பேச்சும் கிடையாது. நண்பர் அரை மணி நேரம் பேசாமல் நின்று பார்த்தார். அன்று அவர் ஹான் வம்சத்தை மறந்த ஒரே அரை மணி அதுதான்.

அடுத்த ஆள் சீன அறிஞர் மென்சியஸ். இவரைக் குப்பத்தில் கொண்டுவந்து உட்காரவைக்கலாம். கிறிஸ்து பிறப்பதற்கு முந்நூறு வருஷத்துக்கு மேல் முன்பே, லியாங் நாட்டு மன்னன் ஹுயியிடம் இவர் சொன்ன யோசனை இது: நெருக்கமான கண்ணி உள்ள வலையைக் குளம் குட்டைகளில் இறக்கவிடாதே, மீனும் ஆமையும் தின்று தீராத அளவுக்குப் பெருகும். வலைக்கண்ணி என்ன அளவு இருக்கலாம் என்ற சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை. தமிழ்நாட்டுக்குக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது 1983-ல். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மன்னனுக்கு வேலை மிச்சம் வைத்தது மென்சியஸின் தப்பில்லை.

பழைய வலையை என்ன செய்வது என்றும் பழஞ்சீனருக்குத் தெரிந்திருந்தது. கி.பி. 105-ல் சாய் லுன் என்ற அரண்மனை அதிகாரி மரப்பட்டை, சணல், கந்தல் துணி இவற்றோடு கிழிந்த மீன்வலையையும் இடித்துக் கூழாக்கிக் காகிதம் செய்தார். நீங்கள் பழவேற்காட்டில் இதை முயன்றால் உலக்கைதான் தேயும். எல்லாம் நைலான்.

பசித்திருக்கும், சாப்பாட்டுக்குப் போவோம்.

ஹான் காலத்தில் தொகுக்கப்பட்ட 'லீஜி' என்ற சடங்கு நூலில் பந்தி ஒழுக்கம் பற்றி நிறைய இருக்கிறது. குச்சியால் சாப்பிட வேண்டுமே என்று பயந்து வந்தவர்கள் நிம்மதியாகலாம். அந்தக் காலத்தில் தினைச் சோற்றைக் குச்சியால் எடுப்பதுதான் மரியாதைக்குறைவு. பொதுப் பாத்திரத்திலிருந்து கையால் எடுத்திருக்கிறார்கள் என்பது அந்த விதிகளைப் படித்தாலே தெரியும். சோற்றை உருண்டை பிடிக்காதே, சத்தம் எழுப்பித் தின்னாதே, எலும்பைக் கடித்து உறிஞ்சாதே, கடித்த மீனைத் தட்டில் திருப்பி வைக்காதே, நாய்க்கு எலும்பு வீசாதே, பல் குத்தாதே. நண்பர் இவை அனைத்தையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தார்.

நாங்கள் சாப்பிட்டது ஒரு வீட்டில். முன்கூட்டிச் சொல்லிவிட்டால் அந்த அக்கா சமைத்து வைப்பார். திண்ணையில் இலை போட்டு உட்காரவைத்து நண்டுக் குழம்பு ஊற்றினார்.

கழி நண்டைக் கடிக்காமல், உறிஞ்சாமல், சத்தமில்லாமல் தின்பதற்கு வழி கண்டுபிடித்தவர் எந்த வம்சத்திலும் இல்லை. கொடுக்கைக் கடைவாயில் வைத்து ஒரு கடி கடிக்க வேண்டும். ஓடு நொறுங்கும் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். பிறகு உள்ளே இருக்கும் வெள்ளைச் சதையை மிளகும் பூண்டும் கலந்த சாறோடு உறிஞ்ச வேண்டும். நண்பர் முதலில் கொடுக்கை விரல்களால் பிரிக்கப் பார்த்தார். நண்டு இறந்தும் அவரை வென்றது. இரண்டாம் நிமிஷத்தில் கடித்தார். மூன்றாம் நிமிஷத்தில் சோற்றை உருட்டினார். கடித்துத் துப்பிய ஓட்டைப் பார்த்துக்கொண்டு காலடியில் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது. நூலில் நாயைப் பற்றித்தான் விதி, பூனையைப் பற்றி இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டு அதற்கும் போட்டார். கடைசியில் துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கு உருவிப் பல் குத்தினார். ஒரு விதிகூடப் பாக்கியில்லை.

ஆனால் ஒன்று நடந்தது. நடுவில் நண்பர், "கொஞ்சம் உப்பு கிடைக்குமா?" என்றார். அக்காவின் முகம் சட்டென்று விழுந்துவிட்டது. "பத்தலையா சார்? இன்னிக்கி அவசரத்துல வச்சேன், எப்பவும் இப்படி இருக்காது" என்றார். லீஜியில் இதே காட்சி இருக்கிறது. விருந்தாளி குழம்பில் தானாக எதையும் கலக்கக்கூடாது. கலந்தால், எனக்குச் சரியாகச் சமைக்கத் தெரியவில்லையே என்று வீட்டுக்காரர் மன்னிப்புக் கேட்க வேண்டும். பழஞ்சீன மரபு ஒன்றையேனும் அன்று முறைப்படி நடத்திக் காட்டியவர், அந்த நூலின் பெயரைக்கூடக் கேள்விப்படாத அந்த அக்காதான்.

மீனைப் பரிமாறும் திசையும் முக்கியம். ஈர மீன் என்றால் வால் விருந்தாளி பக்கம் இருக்க வேண்டும். குளிர்காலத்தில் வயிறு வலப்புறம், கோடையில் முதுகுத் துடுப்பு வலப்புறம். இங்கே பாதி மீன் முள்ளோடு குழம்பில் கிடக்கும், திசை பார்க்க முடியாது. தலை யாருக்கு என்பது மட்டும்தான் கேள்வி. வீட்டில் மாப்பிள்ளை வந்திருந்தால் அதுவும் கேள்வியில்லை.

இன்னொரு விஷயம், இந்த நண்டுகளை உங்களுக்கு முன்பே சீனர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். நல்ல பெருத்த கழி நண்டைக் கால் கட்டி, ஈரம் காயாமல் பெட்டியில் அடுக்கி, உயிரோடு சிங்கப்பூருக்கு விமானம் ஏற்றுகிறார்கள். நாம் பஸ்ஸில் வந்து தேடுகிற சீன வாழ்க்கையை நோக்கி அது விமானத்தில் போகிறது.

பெற்றோர் பக்தியையும் விட்டுவிடக்கூடாது. வாங் சியாங் என்ற பிள்ளை, குளிர்காலத்தில் கெண்டை மீன் கேட்ட சிற்றன்னைக்காக, உறைந்த ஆற்றின்மேல் வெற்றுடம்போடு படுத்தானாம். பனி உருகி மீன் துள்ளி வந்ததாம். இறங்குதளத்தில் ஐஸ் பெட்டிகள் நிறைய இருக்கின்றன. படுக்காதீர்கள்.

வெடி, வாணம் இல்லாமல் சீன வாழ்க்கை முழுமை பெறாது என்பீர்கள். பெறும், இரண்டு விதத்தில். சாகா மருந்து தேடிய சீன ரசவாதிகள் தற்செயலாகக் கண்டது வெடிமருந்து. பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் அதைப் பழவேற்காட்டிலேயே அரைத்து பட்டாவியாவுக்கு அனுப்பினார்கள். தீ வாணம் பெருத்து ராக்கெட்டான பிறகு, ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அது மேலே போகிறது. ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போகக்கூடாது என்று மீனவர்களுக்கு அறிவிப்பு வரும். நாடே கைதட்டும். அன்றைய வரும்படியைப் பற்றி அறிவிப்பில் இருக்காது.

சீனரின் கல்லறை துடைக்கும் திருநாள் ஏப்ரல் முதல் வாரத்தில் வரும். பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைத் தோட்டம் உண்டு, வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய கல் நிற்கிறது. துடைக்க வேண்டிய பேரப்பிள்ளைகள் யாரும் வருவதில்லை. தொல்லியல் துறை பார்த்துக்கொள்கிறது. நீங்கள் துடைப்பத்தோடு உள்ளே போக வேண்டாம்.

கடைசியாக, கையேட்டின் மிகக் கடினமான பாடம். சீட்டு.

பழஞ்சீனர் எலும்பைச் சுட்டு விரிசல் பார்த்தார்கள், கோயிலில் குச்சி குலுக்கினார்கள். 1594-ல் மிங் அரசு, சிபாரிசுத் தொல்லை தாங்காமல், எந்த அதிகாரிக்கு எந்த ஊர் என்பதையே சீட்டு எடுத்துத் தீர்மானித்தது. உத்திரமேரூரில் குடவோலை எடுத்த நமக்கு இது புதிதல்ல. பழவேற்காட்டில் அதன் பெயர் பாடு. முகத்துவாரத்தை ஒட்டி இறால் ஓடுகிற இடங்கள் கொஞ்சம்தான். வலை கட்ட ஆசைப்படுகிறவர்கள் நிறைய. அதனால் பட்டினவர் குப்பங்களில் தலைக்கட்டு எண்ணி, சீட்டுப் போட்டு, இன்றைக்கு இந்த இடம் இன்னாருக்கு, நாளைக்கு அடுத்தவருக்கு என்று முறை வைத்துக்கொண்டார்கள். நல்ல இடம் ஒருவனிடமே தங்காது, மோசமான இடமும் ஒருவன் தலையிலேயே விடியாது. கல்யாணமானால்தான் தலைக்கட்டு. எவ்வளவு பெரிய படகு வைத்திருந்தாலும் முறை வரும்வரை கரையில்தான். ஹான் அரசு கி.பி. 2-ல் தன் நாட்டில் 1 கோடியே 22 லட்சம் குடும்பம் என்று எண்ணிக் கணக்கு வைத்தது, வரி வாங்க. இங்கே எண்ணுவது தண்ணீரைப் பங்கு போட.

ரொம்பவும் உருகிவிடாதீர்கள். பாடு இல்லாத குப்பங்கள் உண்டு, இறால் விலை ஏற ஏற அவர்களோடு தகராறும் ஏறியது. பறியைப் பல்லில் கவ்விய பெண்களுக்குப் பாடு கிடையாது. முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டால் சீட்டு எடுத்தவருக்கும் எடுக்காதவருக்கும் ஒரே இறால்தான், அதாவது எதுவுமில்லை. சீனத்து யூ மன்னன் ஆற்றைத் தூர்வாரும் மும்முரத்தில் மூன்று முறை தன் வீட்டு வாசலைக் கடந்தும் உள்ளே போகவில்லையாம். அப்படியொரு அதிகாரிக்காகத்தான் ஊர் காத்திருக்கிறது.

நண்பருக்கு இதெல்லாம் கேட்டுக் கண் பளபளத்தது. காலையில் பார்த்த பெரியவரிடமே போனார். "அடுத்த தடவை சீட்டுப் போடும்போது நானும் ஒண்ணு எடுக்கலாமா?" என்றார்.

பெரியவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீங்க இன்னா ஊரு தலைக்கட்டு?" என்றார்.

"அண்ணா நகர்."

பெரியவர் சிரிக்கவில்லை. கிழிந்த கண்ணி ஒன்றை முடிந்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "அங்க ஏரி கீதா?" என்று கேட்டார்.

ஆகவே வாசகர்களே, வெந்நீர் குடிக்கலாம், கைலி கட்டலாம், நண்டு கடிக்கலாம். பாடு விஷயத்தில் மட்டும் இந்தக் கையேடு உங்களுக்கு உதவாது. பொன்னேரிக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கியதுமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்கவில்லை, ஆட்டோவுக்குக் கொடுத்தோம்.